இருபத்தொரு பாகை

மரியநாயகத்தாரிடம் இரண்டு கார்கள், இரண்டும் கறுப்பு.
செத்தவருக்கு வேறு வண்டி இருக்கிறது. இவை
பின்னால் போகிறவர்களுக்கு.

தொண்ணூற்றொராம் ஆண்டு பென்ஸில்
இரண்டு சிறு சில்லுகள், இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று.
நீலத்திலிருந்து சிவப்புக்கு விரலால் உருட்ட வேண்டும்.
எண் கிடையாது.
எவ்வளவு சூடு என்று கேட்டால்
கையைக் காட்டி 'இவ்வளவு' என்னலாம்.

ஐந்து வயது இளைய லெக்ஸஸில்
பச்சை எழுத்தில் இருபத்தொன்று.
ஒருக்கால் சொன்னால் போதும், பிறகு
தானே ஊதும், தானே அடங்கும்,
கதவு திறந்தால் பதறும்.
வெயில் விழுந்தால் பார்ப்பதற்கென்று
டாஷ்போர்டின் மேல்
உளுத்தம்பருப்பளவு ஒரு கண்.

பத்தொன்பது வருடமாய் இரண்டையும் மாறி மாறி ஓட்டுகிறேன்
மக்னிக்கல் வீதியிலிருந்து சுடலை மட்டும்.
எது திறம் என்று யாராவது கேட்டால்
கேட்ட வாய் மூடுமுன் பென்ஸ் என்பேன்.
பின்னால் ஒருவர் அழத் தொடங்கும்போது
எனக்கு முதலில் சொல்வது கண்ணாடி,
ஓரத்திலிருந்து வெளுக்கும்.
சில்லை ஒரு பல் உருட்டி, விசிறியை இரண்டில் விட்டு
அவர் அறியாமல் அவர் மூச்சைத் துடைத்துவிடுவேன்.
இது எந்த மெஷினுக்குத் தெரியும் என்று
ஸ்காபரோவின் தேநீர்க் கடைகளில்
பலமுறை, சத்தமாய்ச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு அந்தத் தை மாதம்.
மைனஸ் இருபத்திரண்டு.
பின்சீட்டில் ஞானரூபி அம்மா, மகனைப் பறிகொடுத்தவர்.
வெள்ளைச் சேலை, மேலே யாரோ போர்த்திவிட்ட இரவல் கோட்.
நான் கம்பளிக் கோட்டுக்குள் கையுறைக்குள்
நானூற்றொன்று நெடுக வியர்த்தேன். வியர்த்த கை
இரண்டு சில்லையும் நீலத்துக்குத் தள்ளியது.
நாற்பது நிமிடம்.
இறக்கும்போது மருமகள் அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
விரல்கள் கத்தரிப்பூ நிறம்.

"குளிர்ந்ததோ அம்மா?"

"ஓம் தம்பி.
முன்னால போறவனுக்கும் குளிருமே எண்டு இருந்திட்டன்."

எண் இல்லாத சில்லுக்கு
ஒரே ஒரு தோலைத்தான் தெரியும்.
ஓட்டுகிறவனுடையது.

லெக்ஸஸ் ஒன்றும் புனிதர் இல்லை.
போன மாசி முழுக்க
இருபத்தொன்று என்று எழுதிக்கொண்டே பனிக்காற்றை ஊதியது.
ஏஜக்ஸில் ராம்தீன் கழற்றிப் பார்த்தார்.
ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நகமளவு சல்லடை,
அதற்குப் பின்னால் குழந்தை விளையாட்டுச் சாமான் போல் ஒரு விசிறி.
ஊதுவதற்கல்ல, உறிஞ்சுவதற்கு.
உள்ளே இருப்பவர்களின் காற்றில் கொஞ்சம் இழுத்து
ஒரு மணியளவு உணரியின் மேல் விடும்.
அதைத் தொட்டுப் பார்த்துத்தான்
சூடா குளிரா என்று தீர்மானம்.

இத்தனை வருடம் எனக்குத் தெரியாது
அந்தக் கார் மூச்சு வாங்குகிறது என்று.

அடைத்திருந்தது. காற்று வராமல்
தன் பெட்டிக்குள் இருந்த சூட்டையே
எங்கள் சூடு என்று நம்பியிருக்கிறது.
ராம்தீன் இடுக்கியால் இழுத்தார்:
பஞ்சு, நீள நரைமயிர் ஒன்று, சேலை நூல்,
கர்ப்பூரக் கரியில் குழைந்த திருநீறு.
இந்தக் காருக்குள் என்னதான் செய்கிறீர்கள் என்றார்.
அழுவோம் என்றேன்.
பில்லில் பத்து டொலர் குறைத்தார்.

இன்சூரன்ஸ் ஏறிவிட்டது. ஒன்றை விற்க வேண்டுமாம்.
எதை வைத்திருப்பது என்று என்னைத்தான் கேட்கிறார்கள்,
கேட்ட வாய் மூடி நாலு நாளாயிற்று.

நேற்று வளவுக்குள் இரண்டையும் ஸ்டார்ட் பண்ணி விட்டு
கோட்டைக் கழற்றிவிட்டு
முதன்முதலாய்ப் பின்சீட்டில் இருந்தேன்,
ஒவ்வொன்றிலும் நாற்பது நிமிடம்.
பென்ஸில் இடது கால் விறைக்கிறது.
லெக்ஸஸில் வலது காது.
இரண்டிலும் தெரிவது
ஓட்டுகிறவனுடைய பிடரி மட்டும்.

மரியநாயகத்தார் வந்து கதவைத் திறந்தார்.
"விசரே உனக்கு? எதையடா விப்பம்?"

"முதல்ல கதவைச் சாத்துங்கோ," என்றேன்.
"அது பதறுது."